சராசரி

இரண்டு புள்ளி ஏழு ஒன்று.
துலூத் நகரத்துப் பனி முழுவதையும்
வழித்து ஓரம் தள்ளினாலும்
அடியில் அந்த எண் கிடக்கும்
உப்புப் பூத்து.

ஐலா லௌக்கனென், இருபத்தொன்பது.
இரவில் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுப்பவள்.
காலையில், தாடி இன்னும் முளைக்காத பையன்களோடு
முதல் பெஞ்சில் அமர்ந்து
கரிம வேதியியலை இரண்டாம் தடவை படித்தவள்.
முதல் தடவை சி மைனஸ்.
இந்தத் தடவை ஏ.
இயற்பியல் ஏ. புள்ளியியல் ஏ.
மூன்று வருடம், முப்பத்திரண்டு அலகு,
ஒன்றில்கூடச் சறுக்கவில்லை.

கார் சூடேறும்வரை
பெட்ரோல் ரசீதின் முதுகில் கணக்குப் போட்டாள்.
பழைய நூற்றிருபது அலகுகள்
வகுக்கும் எண்ணில் சம்மணமிட்டு
எழுந்திருக்க மாட்டோம் என்றன.
இரண்டு புள்ளி ஒன்பது எட்டு.
மூன்றுகூட இல்லை.
சுப்பீரியர் ஏரியில் கரைத்த பெருங்காயம்.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு:
மதிப்பெண்கள் குறித்து ஏதேனும் விளக்கம்?
ஆயிரத்து முந்நூறு எழுத்துக்கு இடம்.

ஆலோசகர் ப்ரெண்டன் ஊலி
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:
அந்த வருஷங்களில் வீட்டில் ஏதாவது சாவு?
இல்லை.
உடம்புக்கு ஏதாவது?
இல்லை.
அப்பா அம்மா பிரிந்தார்களா?
(குரலில் ஒரு சின்ன நம்பிக்கை.)
அப்பா இந்நேரம் உறைந்த ஏரியில் துளை போட்டு
மீனுக்கு உட்கார்ந்திருப்பார்.
அம்மா அவருக்கு ஃப்ளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்திருப்பாள்.
இருவரும் கல்லுக்குண்டாய் இருப்பதற்காக
அவள் கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்டாள்.

நடந்தது இவ்வளவுதான்:
பத்தொன்பது வயது.
பள்ளியில் படிக்காமலே முதலாவதாக வந்தவள்.
ஹாக்கி. டிரம்ஸ் வாசிக்கத் தெரியாத ஒரு டிரம்ஸ்காரன்.
எட்டு மணி வகுப்பில் எட்டு மணித் தூக்கம்.
புத்தகம் வாங்கி, விலைச்சீட்டு கிழிக்காமல்
திருப்பி விற்றது.
கூடம் கோணல் என்று எழுதலாம்தான்.
கூடம் நேராகத்தான் இருந்தது.

விடிகாலை நாலு மணி, நானூற்றுப் பன்னிரண்டாம் அறை.
லோவெல் ஸ்க்ராபா, இரும்புத்தாது லாரி ஓட்டியவர்.
ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு
அவர் நரம்புகள் ஆளைக் கண்டால்
உள்ளே போய்க் கதவடைத்துக்கொள்ளும்.
குத்தினாள். வரவில்லை.
ஊசியைச் சற்றே திருப்பினாள். வரவில்லை.
இந்த வேலையில் எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு:
"உங்க நரம்பு நழுவுது."
நாக்கு நுனிவரை வந்தது.
"நான் தவறவிட்டேன்" என்றாள்.
"தெரியுது" என்றார் கூரையைப் பார்த்தபடி.
"வேற ஆளைக் கூப்பிடு."

ஃபர்துசா வந்தாள்.
விளக்கைக்கூடப் போடவில்லை.
முழங்கை மடிப்பை விட்டுவிட்டு, கட்டைவிரல் பக்கம்,
ஒருமுறை நீவி, ஒரே குத்து.
ஐலா பஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்,
அந்த விரல் எங்கே அழுத்தியது என்று
மனதில் குறித்தபடி.

இடைவேளையில், காபி இயந்திரத்தின் பக்கத்தில்
மடிக்கணினியைத் திறந்தாள்.
பன்னிரண்டு முறை திருத்திய
உருக்கமான பத்தி ஒன்று இருந்தது.
அழித்தாள்.

"காரணம் எதுவும் இல்லை. நான் படிக்கவில்லை.
இருபத்தாறு வயதில் படிக்கத் தொடங்கினேன்.
அதற்குப் பிந்திய மதிப்பெண்களைத் தனியாகப் பார்க்கவும்."

கட்டத்தில் ஆயிரத்துச் சொச்சம் எழுத்துக்கு
இன்னும் இடம் இருந்தது.
ஊலி பார்த்தால் தலையில் கை வைப்பார்.
வைக்கட்டும்.

எட்டு மணிக்கு உயிர்வேதியியல் தேர்வு.
கார் இரண்டாவது தடவையும் உறுமிவிட்டு நின்றது.
பாலத்துக்கு அப்பால், உறைவதற்குள் ஊர் போய்ச் சேர
கடைசிக் கப்பல்களில் ஒன்று ஊதிக்கொண்டிருந்தது.
சாவியைத் திருப்பியபடியே
சிட்ரிக் அமிலச் சுழற்சியை
வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.
நாலாவது படியில் தடுக்கியது.
மறுபடி முதலிலிருந்து.